தரையில் வழி தவறும் விமானம்

விமானம் ஒன்று தரையில் போகும்போது இன்னொரு விமானத்தின் வாலை இடித்துவிட்டது என்று எங்கிருந்தாவது செய்தி வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "முப்பதாயிரம் அடியில பறக்கத் தெரியுது, தரையில ஓட்டத் தெரியலையா?" இது மாமா. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "தூங்கியிருப்பான்" என்பார் சித்தப்பா. அத்தை மட்டும் வேறொன்று கேட்டார்: "அது ஏன் டாக்சி டாக்சின்னு போடுறாங்க? விமானத்துக்கும் டாக்சிக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தையின் கேள்விக்குப் பதில் சுலபம். விமானம் தன் சொந்த இயந்திர விசையில் தரையில் நகர்வதை விமானத் துறையில் 'டாக்சி' என்பார்கள். வாடகைக் காரோடு குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே அதைத் தரையோட்டம் என்று எழுதுகிறேன். விமானம் மேலெழுவதற்காக ஓடுபாதையில் வேகமெடுப்பது தரையோட்டம் ஆகாது. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை போவதும், இறங்கியபின் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் திரும்புவதும்தான் தரையோட்டம்.

மாமாவின் கேள்விக்குத்தான் பதில் நீளம். தரையோட்டத்தில் நடந்த பெரிய விபத்துகளைப் பார்த்தால், ஓட்டத் தெரியாததால் நடந்தவை குறைவு. தான் எங்கே இருக்கிறோம் என்பது விமானிக்குத் தவறாகத் தெரிந்திருந்ததால் நடந்தவையே அதிகம். தெரியாமல் இருப்பது வேறு, தவறாகத் தெரிந்திருப்பது வேறு. வழி தெரியாதவன் நின்று கேட்பான். தெரியும் என்று நினைப்பவன் எதற்கு நிற்கப் போகிறான்?

## முதலில் வண்டியைப் பார்ப்போம்

விமானத்தின் சக்கரங்கள் காரின் சக்கரங்களைப் போல இயந்திரத்தால் சுழல்வதில்லை. அவை வெறுமனே உருள்கின்றன. இறக்கைக்குக் கீழே இருக்கும் ஜெட் இயந்திரங்கள் காற்றைப் பின்னால் தள்ள, முழு விமானமும் முன்னால் போகிறது. பின்னோக்கிச் செல்ல கியர் கிடையாது. அதனால்தான் வாயிலிலிருந்து கிளம்பும்போது ஓர் இழுவண்டி வந்து மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு தவறான பாதையில் திரும்பிவிட்டால், "சாரி" என்று ரிவர்ஸ் எடுக்க முடியாது. இன்னொரு இழுவண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

திசை திருப்ப, விமானியின் பக்கவாட்டில் ஒரு சிறு கைப்பிடி இருக்கும். அது மூக்குச் சக்கரத்தைத் திருப்பும். நேரான பாதையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வரை போகலாம். திருப்பங்களில் இருபதுக்கும் கீழே இறங்கிவிடுவார்கள். நம் குடியிருப்புப் பேட்டைச் சாலையில் ஓடும் வேகம்தான்.

ஆனால் அளவு? போயிங் 777-300இஆர் விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கும் இறக்கைக்குக் கீழே உள்ள முதன்மைச் சக்கரங்களுக்கும் இடையே மட்டும் சுமார் 31 மீட்டர். நம் ஈரடுக்குப் பேருந்தின் மொத்த நீளமே 12 மீட்டர்தான். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை கிட்டத்தட்ட 65 மீட்டர். ஏர்பஸ் ஏ380 என்றால் ஏறத்தாழ 80 மீட்டர். அந்த நுனிகளை விமானி தன் இருக்கையில் இருந்தபடி பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தை ஞாபகத்திலும் பயிற்சியிலும் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

இதைச் சொன்னதும் மாமாவின் குரல் மாறிவிட்டது. "டிரெய்லர் உள்ள வெட்டும்டா" என்றார். திருப்பத்தில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். விமானத்திலும் அதே கதைதான். அதனால் விமானி திருப்பத்தின் நடுக்கோட்டைத் தாண்டி, மூக்கை வேண்டுமென்றே கொஞ்சம் வெளியே கொண்டுபோய்விட்டுத்தான் திருப்புவார். ஜன்னலோரம் இருப்பவருக்கு, புல்வெளிக்குள் இறங்கப் போகிறாரோ என்று ஒரு கணம் தோன்றும்.

2011 ஏப்ரலில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் ஏர் பிரான்ஸின் ஏ380 தன் இறக்கை நுனியால் ஒரு சிறிய ஜெட் விமானத்தின் வாலைத் தட்டி, அதை அப்படியே சுழற்றிவிட்டது. 2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் டெல்டாவின் ஏ350 ஒன்று, சிறிய விமானம் ஒன்றின் வாலையே பெயர்த்துத் தள்ளியது. காணொளியில் பார்க்கப் பயங்கரம். உயிர்ச்சேதம் இரண்டிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது இந்த வகைதான். உயிரை அதிகம் வாங்கியது வேறு வகை.

இதுவரை சொன்னது: விமானம் தரையில் நீளமான, அகலமான, ரிவர்ஸ் இல்லாத வண்டி. ஓட்டுவது கடினம், ஆனால் பழகிக்கொள்ளலாம்.

## பிறகு சாலையை

விமான நிலையத்தில் இரண்டு விதமான பாதைகள் உண்டு. விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் ஓடுபாதையில். அங்கே போய்வர உதவும் சாலைகள் டாக்சிவே எனப்படும். நம் ஊர்க் கணக்கில் ஓடுபாதை என்பது பிஐஇ விரைவுச்சாலை, டாக்சிவே என்பது அதில் சேரும் கிளைச் சாலைகள்.

ஓடுபாதையின் பெயர் ஒரு எண். திசைகாட்டியில் அது பார்க்கும் பாகையைப் பத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதைகள் ஒரு பக்கத்திலிருந்து 02, மறுபக்கத்திலிருந்து 20. அருகருகே ஒரே திசையில் பல ஓடுபாதைகள் இருந்தால் இடது, நடு, வலது என்று சேர்த்துச் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை. சாங்கியில் தெற்கிலிருந்து பார்த்தால் '02 இடது' என்று அழைக்கப்படும் அதே தார்ப்பாதை, வடக்கிலிருந்து பார்த்தால் '20 வலது'. பாதை மாறவில்லை, பெயர் மாறிவிட்டது.

டாக்சிவேக்களுக்கு எழுத்துகளும் எண்களும் பெயர். பலகைகளின் நிறம் முக்கியம். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் 'நீ இப்போது இங்கே இருக்கிறாய்'. மஞ்சளில் கறுப்பு எழுத்து 'இந்தப் பக்கம் போனால் இது வரும்'. சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் எதிரே ஓடுபாதை, அனுமதி இல்லாமல் தாண்டாதே. தரையில் டாக்சிவேயின் கோடுகள் மஞ்சள், ஓடுபாதையின் கோடுகள் வெள்ளை. இரவில் டாக்சிவேயின் நடுவே பச்சை விளக்குகள், ஓரத்தில் நீலம்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எப்படித் தவறும் என்று தோன்றலாம். பகலில், தெரிந்த ஊரில், மழையில்லாமல் இருந்தால் தவறாது. ஆனால் இரவில், கொட்டும் மழையில், ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வந்துபோகும் ஊரில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும் விமானிக்கு அது வரைபடம்போலத் தெரியாது. வண்ண விளக்குகள் இறைந்து கிடக்கும் கறுப்புக் கடல்போலத் தெரியும். தீபாவளி ஒளியூட்டு எரியும் சிராங்கூன் சாலையில், மழையில் நனைந்த கண்ணாடி வழியாக, ஒரே ஒரு போக்குவரத்து விளக்கைத் தேடிப் பாருங்கள்.

## 3ஏ தளமும் 4ஏ தளமும்

இனி சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தின் நெஞ்சு. அதற்கு ஒரு சொந்தக் கதை.

ஈசூனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரை 4ஏ தளத்தில் விட்டதாக ஞாபகம். திரும்பி வந்து தேடினேன். அதே தூண்கள், அதே கோடுகள், மூலையில் அதே தண்ணீர்க் கறை. என் காரைப் போலவே வெள்ளை டொயோட்டா, நான் விட்ட மாதிரியே சுவரோரம். சாவியை அழுத்தினேன். திறக்கவில்லை. சாவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி அழுத்தினேன். சாவியைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினேன். பேட்டரி மாற்ற எந்தக் கடை திறந்திருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகுதான் பின்னிருக்கையில் ஒரு குழந்தை நாற்காலி கண்ணில் பட்டது. எங்கள் காரில் அது கிடையாது. நான் நின்றது 3ஏ தளம்.

கதவு திறக்காதபோதே, 'நீ தவறான இடத்தில் நிற்கிறாய்' என்று எனக்குச் செய்தி வந்துவிட்டது. அதை நான் பேட்டரியின் தலையில் கட்டிவிட்டேன். இதற்கு உளவியலில் உறுதிப்படுத்தல் சாய்வு என்று பெயர். ஒன்றை நம்பிவிட்டபின், அதற்குப் பொருந்தும் அடையாளங்களை மனம் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாத அடையாளத்துக்கு ஒரு சமாதானம் கண்டுபிடிக்கும். இதற்கும் அறிவுக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமில்லை. இன்னும் சொன்னால், அனுபவசாலியிடம் கைவசம் சமாதானங்கள் அதிகம்.

எனக்கு வீணானது பத்து நிமிடம். அதே சாய்வு விமானத்தில் என்ன செய்தது என்பதற்குச் சிங்கப்பூரர்கள் வெளியே தேட வேண்டியதில்லை.

## தைப்பே, 31 அக்டோபர் 2000

அந்த ஆண்டுத் தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து தைப்பே வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006, தைப்பேயின் சியாங் கை ஷேக் விமான நிலையத்திலிருந்து புறப்படத் தயாரானது. போயிங் 747-400 விமானம். 159 பயணிகள், 20 பணியாளர்கள். சாங்சேன் சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பலத்த மழை, பலத்த காற்று, இரவு 11 மணி தாண்டிவிட்டது.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஓடுபாதை '05 இடது'. அதற்கு இணையாக, சுமார் 200 மீட்டர் தள்ளி, '05 வலது' இருந்தது. கட்டுமானப் பணிக்காக அதன் ஒரு பகுதி மூடப்பட்டு, பாதையின் மேலேயே கான்கிரீட் தடுப்புகளும் மண் தோண்டும் இயந்திரங்களும் நின்றன. பணி நடப்பது விமானிகளுக்குத் தெரியாத செய்தி அல்ல. முன்னறிவிப்புத் தாள்களில் இருந்தது.

விமானம் டாக்சிவேயில் வந்து, என்1 என்ற கிளையில் வலப்புறம் திரும்பியது. அங்கிருந்து முதலில் வருவது மூடப்பட்ட 05 வலது. அதைக் கடந்து நேரே போனால்தான் 05 இடது. ஆனால் பச்சை விளக்குகள் நெருக்கமாக, பளிச்சென்று வளைந்து போனது 05 வலதை நோக்கி. நேரே போக வேண்டிய வழியில் விளக்குகள் தூரத்துக்கு ஒன்றாக இருந்தன. அவற்றிலும் ஒன்று எரியவில்லை, ஒன்று மங்கல். மூடப்பட்ட பாதையின் வாயில் தடுப்பு எதுவும் வைக்கப்படவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களால் அந்த மழையில் விமானத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடாரும் அங்கே இல்லை.

பச்சை விளக்குகளைத் தொடர்ந்து வளைந்தார்கள். முன்னே ஒரு நீண்ட, அகலமான பாதை. எதிர்பார்த்ததும் அதுதான்.

இனி என் சாவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விமானத்தில், மோசமான வானிலையில் ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடிக்க உதவும் ஒரு கருவி இருந்தது. எந்த ஓடுபாதைக்கு அமைத்திருக்கிறார்களோ, அந்த ஓடுபாதையின் வானொலிச் சமிக்ஞையோடு விமானம் பொருந்தினால்தான் அது உயிர்பெறும். 05 இடதுக்கு அமைத்திருந்தார்கள். அது உயிர்பெறவில்லை. விமானிகள் அதைக் கவனித்தார்கள், பேசிக்கொள்ளவும் செய்தார்கள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறதே, பரவாயில்லை என்று முடிவு செய்தார்கள்.

11.17க்கு வேகமெடுத்த விமானம் கட்டுமான இயந்திரங்களில் மோதி உடைந்து தீப்பிடித்தது. 83 பேர் இறந்தார்கள்.

விமானி அறையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். யாரும் தூங்கவில்லை. அவசரப்பட்டுப் பாய்ந்து ஓட்டவுமில்லை. மெதுவாக, கவனமாகத்தான் போனார்கள். ஆனால் அவர்களின் கவனமெல்லாம் சூறாவளியிலும் பக்கக்காற்றிலும் வழுக்கும் தரையிலும் இருந்தது. 'இது சரியான பாதையா' என்ற கேள்வி எழவே இல்லை, ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அதற்கான விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

விசாரணையில் தைவானும் சிங்கப்பூரும் ஒத்துப்போகவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். 2002இல் வந்த தைவானின் அறிக்கை, விமானிகள் போக வேண்டிய வழியைச் சரியாகச் சரிபார்க்கவில்லை என்பதை முன்னிறுத்தியது. விளக்குகளும் அடையாளங்களும் தடுப்புகளும் தரத்துக்கு இல்லை என்பதற்கு அதில் போதிய எடை இல்லை என்றது சிங்கப்பூர்த் தரப்பு. என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டும் ஒரே சம்பவத்தின் இரு முனைகள். ஒரு கதவு தவறான இடத்தில் திறந்து கிடந்தது, ஒருவர் அதன் வழியாக நடந்தார். நடந்தவரை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் கதவு திறந்தேதான் கிடக்கும்.

## வெளிச்சம் இல்லாதது வினோதமாக இருக்கிறதே

தைப்பே சம்பவம் சூறாவளியின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு இன்னொன்று. 27 ஆகஸ்ட் 2006, அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற சிறிய விமான நிலையம். புயல் இல்லை. விடிவதற்குச் சற்று முன். காம்எயர் 5191 ஓடுபாதை 22இல் ஏற வேண்டியது, வழியில் குறுக்கிட்ட ஓடுபாதை 26இல் ஏறிவிட்டது. 22இன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். 26இன் நீளம் அதில் பாதி. விமானம் மேலெழும்பப் போதிய தூரம் இல்லை. விமானத்தில் இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள்.

ஓடுபாதை 26இல் விளக்குகள் எரியவில்லை. வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது துணை விமானி, விளக்கு இல்லாதது வினோதமாக இருக்கிறதே என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. கேப்டனும் ஆமோதித்தார். இருவரும் தொடர்ந்தார்கள். சாவி திறக்கவில்லை, பேட்டரி போலிருக்கிறது.

சுருக்கமாக: தவறான பாதையில் இருக்கும் விமானிக்குச் செய்தி பெரும்பாலும் வந்துவிடுகிறது. அந்தச் செய்தி சமாதானம் சொல்லித் தட்டிக் கழிக்கும் அளவுக்கு மெலிதாக இருப்பதுதான் சிக்கல்.

## காதில் விழுந்ததும் கேட்க விரும்பியதும்

விமானி தன் இஷ்டத்துக்குத் தரையில் நகர முடியாது. தரைக் கட்டுப்பாட்டாளர் வானொலியில் வழி சொல்வார்: இந்த டாக்சிவே, பிறகு அது, பிறகு இந்த ஓடுபாதைக்கு முன்னால் நில். விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை மறுமொழிதல் என்று வைத்துக்கொள்வோம். காப்பிக்கடையில் "கோப்பி சி கோசோங் ரெண்டு, தே ஓ ஒண்ணு" என்று சொன்னதும் கடைக்காரர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்கிறாரே, அதே ஏற்பாடு.

மறுமொழிதல் வார்த்தைகளைச் சரிபார்க்கும். புரிதலைச் சரிபார்க்காது. இதற்கு ஹனேடாவைவிடக் கசப்பான உதாரணம் இல்லை.

2 ஜனவரி 2024, தோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். முந்தின நாள் நோத்தோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். நிவாரணப் பொருள்களோடு புறப்பட இருந்த கடலோரக் காவல்படை விமானத்திடம் கட்டுப்பாட்டாளர், 'நீங்கள் முதலாவது, சி5 என்ற நிறுத்தக் கோடுவரை செல்லுங்கள்' என்ற பொருளில் சொன்னார். வரிசையில் முதலாவது என்பதுதான் அதன் அர்த்தம். கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். மறுமொழிதலில் சி5 சரியாகவே சொல்லப்பட்டது. ஆனால் அந்த விமானத்தில் இருந்தவர்கள் ஓடுபாதைக்குள் செல்லவே அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நுழைந்து நின்றார்கள். சில விநாடிகள் அல்ல, சுமார் 40 விநாடி. அதன்மேல் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 வந்து இறங்கியது.

காவல்படை விமானத்தின் 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஏ350இல் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிரோடு வெளியேறினார்கள். கட்டுப்பாட்டாளரின் திரையில், ஓடுபாதையில் ஏதோ இருக்கிறது என்ற எச்சரிக்கை தோன்றியது. யாரும் கவனிக்கவில்லை. சி5இல் நிறுத்தக் கோட்டுக்கான சிவப்பு விளக்குகள் அப்போது பராமரிப்பில் இருந்தன.

இப்படி அனுமதியின்றி விமானமோ வண்டியோ மனிதரோ ஓடுபாதையில் இருப்பதற்கு ஓடுபாதை ஊடுருவல் என்று பெயர். இறங்கும்போது சறுக்கி ஓடுபாதையை விட்டு வெளியே போவது ஓடுபாதை விலகல். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். முன்னது வரக்கூடாத இடத்துக்கு வருவது, பின்னது இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் போவது.

ஊடுருவலில் இன்றுவரை மிகக் கொடியது 27 மார்ச் 1977, ஸ்பெயினின் தெனரீஃப் தீவில் நடந்தது. மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு 747கள். அனுமதி கிடைக்காமலேயே ஒன்று வேகமெடுத்தது. வெளியேற வேண்டிய கிளைப்பாதையைத் தவறவிட்ட இன்னொன்று இன்னும் ஓடுபாதையிலேயே உருண்டுகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், புறப்பாட்டைக் குறிக்கும் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே வானொலியில் உச்சரிக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. மற்ற நேரத்தில் வேறு சொல்தான். காத்திருப்பவர் காதில் அந்த ஒரு சொல் விழுந்தாலே, மீதி வாக்கியத்தை மனம் தானே எழுதிக்கொள்ளும்.

மூடுபனி இன்னொரு முறையும் பலி வாங்கியது. 8 அக்டோபர் 2001, மிலானின் லினாட்டே. ஒரு சிறிய செஸ்னா விமானம் ஆர்5 டாக்சிவேயில் போக வேண்டியது, ஆர்6இல் போய், புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய நிறுவனத்தின் விமானத்துக்குக் குறுக்கே வந்துவிட்டது. 118 பேர் இறந்தார்கள். தான் எங்கே இருக்கிறேன் என்று செஸ்னா விமானி வானொலியில் சொல்லத்தான் செய்தார். தரையில் எழுதியிருந்த அந்தக் குறி கட்டுப்பாட்டாளரின் வரைபடத்திலேயே இல்லை.

## கை இங்கே, கண் அங்கே

தரையோட்டத்தில் விமானிகள் வெறுமனே ஓட்டிக்கொண்டு மட்டும் போவதில்லை. சரிபார்ப்புப் பட்டியல் படிக்க வேண்டும், விமானம் மேலெழ உதவும் இறக்கை மடிப்புகளைப் புறப்பாட்டுக்கான நிலையில் வைக்க வேண்டும், வானொலி அலைவரிசை மாற்ற வேண்டும், ஓடுபாதை மாறினால் கணினியில் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் கீழே பார்க்கும்போது, வெளியே பார்ப்பவர் ஒருவர்தான் மிச்சம்.

வழியில் ஏற்படும் குழப்பம் வேறு இடத்தில் போய் வெடிப்பதும் உண்டு. 16 ஆகஸ்ட் 1987, டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255 விமானத்துக்கு ஓடுபாதை கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது. போகும் வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, மறுபடி வழி கேட்டு, சரியான ஓடுபாதைக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த அமளியில் தரையோட்டப் பட்டியல் படிக்கப்படவே இல்லை, இறக்கை மடிப்புகள் நீட்டப்படவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. புறப்பட்டதுமே விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்தவர்களில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே பிழைத்தாள்.

பறப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு தரையோட்டத்தின்போதும் கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981லேயே கொண்டுவந்துவிட்டது. லெக்சிங்டனில் அந்த விதி மீறப்பட்டிருந்தது. விதி போட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடாது என்பது மாமாவின் கருத்து. முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உதவியாளரோடு லாரி ஓட்டியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

## பச்சையைப் பிடித்துக்கொண்டு போ

விமானியைத் திட்டுவதைவிட, சமாதானம் சொல்லித் தப்ப முடியாத செய்தியை அவர் கண்முன் நிறுத்துவது பயன் தரும். சாங்கி இதில் பெயர் பெற்ற இடம்.

சாங்கியில் டாக்சிவேயின் நடுவே இருக்கும் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் அது போக வேண்டிய வழியில் மட்டும் முன்னால் எரிகின்றன, கடந்தபின் அணைகின்றன. மற்ற கிளைகள் இருட்டாகவே இருக்கும். கட்டுப்பாட்டாளர் நீண்ட பாதைப் பெயர்களை அடுக்க வேண்டியதில்லை, பச்சையைத் தொடர்ந்து வா என்று சொன்னால் போதும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தரையில் ஒட்டிய வண்ண அம்புகளைப் பார்த்து நடப்பது போலத்தான், ஆனால் உங்களுக்கான அம்பு மட்டும் எரிகிறது.

நிறுத்த வேண்டிய இடத்தில், பாதையின் குறுக்கே ஒரு வரிசைச் சிவப்பு விளக்குகள். இதைத் தடை விளக்குக் கோடு எனலாம். இதன் விதி கறார்: சிவப்பு எரியும்வரை தாண்டக் கூடாது. கட்டுப்பாட்டாளர் வாயால் 'போகலாம்' என்று சொல்லியும் சிவப்பு அணையவில்லை என்றால், நின்று கேட்க வேண்டும். வாய்ச்சொல்லும் விளக்கும் ஒத்துப்போனால்தான் நகரலாம். ஹனேடாவின் சி5இல் அன்று இல்லாமல் போனது இந்த இரண்டாவது சாட்சி.

இவை தவிர, தவறு அடிக்கடி நேரும் சந்திப்புகளை வரைபடத்திலேயே வட்டமிட்டுக் காட்டுகிறார்கள். விமானி அறையிலும், தான் இருக்கும் இடத்தை நகரும் புள்ளியாகக் காட்டும் திரைகள் வந்துவிட்டன. சில விமானங்கள் நுழையப் போகும் ஓடுபாதையின் பெயரைக் குரல்விட்டே சொல்கின்றன.

ஆனாலும் விமான நிலையம் என்பது கட்டி முடித்து வைத்த ஒன்றல்ல. சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கு 14 மே 2025 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2030களின் நடுப்பகுதியில் திறக்கும்வரை, நிலம் ஒரு பக்கம் தோண்டப்பட, மறுபக்கம் விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும். தைப்பேயில் நடந்ததும் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த ஒரு விமான நிலையத்தில்தான் என்பதை அறிந்தவர்கள், இன்றைக்கு மாற்றியமைத்த வழியை நேற்றைய பழக்கத்தில் யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று படாத பாடு படுவார்கள்.

போன மாதம் மாமாவோடு திருச்சிக்குப் போனேன். இரவு விமானம். ஜன்னலோரம் மாமா. விமானம் ஊர்ந்து வந்து ஓடுபாதை ஓரத்தில் நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பின்வரிசையில் ஒருவர், "காலியாத்தானே கெடக்கு, எடுக்க வேண்டியதுதானே" என்று அலுத்துக்கொண்டார். மாமா கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுக்குள் தூரத்தில் வெள்ளை விளக்குகள் தெரிந்தன, பெரிதாகிக்கொண்டே வந்தன, சக்கரங்கள் தரையைத் தொட்டு எங்கள் மூக்கின் முன்னால் ஓடி மறைந்தன. மாமா திரும்பிப் பின்வரிசைக்காரரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விமானம் நகரத் தொடங்கியது.